வாங்கியது, விற்றது, இருப்பது: பங்கு வர்த்தகக் கணக்கை ஷீட்டில் எழுதும் முறை

மூன்று ஆண்டுகளாக இரண்டு டீமேட் கணக்குகளில் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்குகள்) செய்த பங்கு வர்த்தகத்தை எக்செலில் எழுதி வருவதாகச் சொல்கிறீர்கள். ஒவ்வொரு வரிசையிலும் "மேலே உள்ள மொத்தம், அதோடு இந்த வரிசையின் தொகை" என்று தொடர் மொத்தம் போட்டிருக்கிறீர்கள். ஒரு நாள் நிறுவனப் பெயர்களை அகரவரிசைப்படுத்தியதும் மொத்தங்கள் குலைந்துவிட்டன. அதைச் சரிசெய்த பிறகும் லாபத் தொகை புரோக்கரின் அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். முதலாவது சூத்திரத்தின் கோளாறு. இரண்டாவது, சராசரி விலையில் லாபம் கணக்கிடுவதால் வருவது. ஆனால் இரண்டுக்கும் தீர்வு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தொடர் மொத்தத்தை ஒழுங்காக அமைத்துவிட்டால், எந்த விற்பனை எந்தக் கொள்முதலைத் தின்றது என்பதையும் அதே மொத்தத்திலிருந்து எடுத்துவிடலாம்.

பழைய வணிகக் கணக்குமுறையில் நடந்ததை நடந்த வரிசையில் எழுத ஒரு குறிப்பேடும், ஒவ்வொரு கணக்குக்கும் பிரித்து எழுதப் பேரேடும், முடிவில் நிலையைக் காட்ட ஐந்தொகையும் இருக்கும். குறிப்பேட்டில் எழுதியதை யாரும் அழிப்பதில்லை. உங்கள் ஷீட்டில் இம்மூன்றும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கின்றன. நீங்கள் அகரவரிசைப்படுத்த நேர்ந்ததும் அதனால்தான். ஒரு தாளைக் குறிப்பேடாக மட்டும் வைத்துக்கொண்டு, அதில் கையால் உள்ளிடும் நெடுவரிசைகளையும் சூத்திரம் கணக்கிடும் நெடுவரிசைகளையும் வேறு வேறு நிறத்தில் பிரித்துவிடுங்கள். கையால் உள்ளிட வேண்டியவை: வர்த்தகத் தேதி, டீமேட் கணக்கு, பங்கின் குறியீடு, வகை (வாங்கல், விற்றல், போனஸ் முதலியன), எண்ணிக்கை, விலை, எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), பிற கட்டணங்கள். பங்குகள் கணக்குக்கு வந்த தேதியை எழுத வேண்டாம். கான்ட்ராக்ட் நோட்டில் (வர்த்தகத்துக்குப் புரோக்கர் தரும் சீட்டு) உள்ள வர்த்தகத் தேதியையே எழுதுங்கள். 2023 ஜனவரி இறுதியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் மறு வேலைநாளிலேயே பட்டுவாடா முடிந்துவிடுவதால் வித்தியாசம் சிறிதுதான். ஆனால் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குக்கு வரி வேறு என்பதால், அந்த எல்லையை ஒட்டிய விற்பனைகளில் அந்த ஒரு நாளும் கணக்கில் வரும்.

குறியீட்டுக்கு நிறுவனப் பெயரைப் பயன்படுத்தாதீர்கள். பெயர் மாறும், சொமாட்டோ 2025இல் எடர்னல் ஆனது. ஒவ்வொரு பங்குக்கும் தரப்படும் பன்னிரண்டு எழுத்துள்ள ஐசின் எண் நிலையானது என்று பலர் நம்புகிறார்கள். முகமதிப்பு பிரிக்கப்படும்போது (ஒரு பங்கு பலவாகும்போது) அதுவும் மாறிவிடும். நீங்களே சூட்டிய ஒரு சுருக்கக் குறியீட்டை வைத்துக்கொண்டு, அது எந்தெந்தப் பெயரையும் ஐசினையும் குறிக்கிறது என்பதைத் தனித் தாளில் ஒரு பட்டியலாக எழுதி வைப்பது நல்லது.

இனி தொடர் மொத்தம். "மேல் கட்டம், கூட்டல் இந்தக் கட்டம்" என்ற சூத்திரத்தில் மூன்று பொறிகள் இருக்கின்றன. ஒரு வரிசையை நீக்கினால் அதற்குக் கீழுள்ள எல்லாமே பிழைக்குறி காட்டும். இது கண்ணில் படுவதால் ஆபத்து குறைவு. வரிசைகளை மாற்றி அடுக்கினால், மேலே எதுவுமில்லாமல் எழுதிய முதல் வரிசையின் சூத்திரம் நடுவில் போய் அமர்ந்து, அந்த இடத்தில் மொத்தம் புதிதாகத் தொடங்கும். உங்களுக்கு நேர்ந்தது இதுதான். மூன்றாவதுதான் மோசமானது. விட்டுப்போன ஒரு கொள்முதலை நடுவில் புது வரிசையாகச் செருகினால், அதற்கு அடுத்த வரிசை பழைய மேல் வரிசையையே தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கும். செருகிய தொகை சத்தமில்லாமல் மொத்தத்திலிருந்து விடுபட்டுவிடும். பிழைக்குறியும் வராது.

அதற்குப் பதிலாக, தொடக்கம் நிலையாகவும் முடிவு நகர்வதாகவும் உள்ள ஒரு வரம்பைக் கூட்டுங்கள். எண்ணிக்கை நெடுவரிசையில் 1ஆம் வரிசை முதல் இப்போதைய வரிசை வரை 'சம்' செய்ய வேண்டும். தொடக்க வரிசை எண்ணுக்கு முன்னால் டாலர் குறி இட வேண்டும். முடிவு வரிசை எண்ணுக்கு இடக் கூடாது. 2ஆம் வரிசையிலிருந்து தொடங்காமல் தலைப்பு இருக்கும் 1ஆம் வரிசையிலிருந்தே தொடங்குவதற்குக் காரணம் உண்டு: தலைப்பு வெறும் எழுத்து என்பதால் 'சம்' அதைப் பொருட்படுத்தாது; தலைப்புக்குக் கீழே உடனடியாக ஒரு வரிசையைச் செருகினாலும் அது வரம்புக்குள்ளேயே விழும். எக்செலின் 'டேபிள்' வசதியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இப்படி விரியும் வரம்புகள், டேபிளின் அடியில் புது வரிசை சேரும்போது, அதுவரை கடைசியாக இருந்த வரிசையில் சில நேரம் ஒரு வரிசை கூடுதலாக நீண்டுவிடுகின்றன. ஆகவே குறிப்பேட்டுத் தாளைச் சாதாரண வரம்பாகவே வைத்திருப்பது எனக்கு உகந்ததாகப் படுகிறது.

உங்களுக்குத் தேவை ஒட்டுமொத்தக் கூட்டல் அன்று. ஒவ்வொரு பங்குக்கும் ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனியான இருப்பு. அதற்கு 'சம்இஃப்ஸ்' போதும்: மேலே சொன்ன விரியும் வரம்பில், குறியீடு இந்த வரிசையின் குறியீடாகவும் கணக்கு இந்த வரிசையின் கணக்காகவும் உள்ளவற்றை மட்டும் கூட்டச் சொல்லுங்கள். எண்ணிக்கையைக் குறியோடு கூட்டினால் வேலை எளிது: வாங்கலுக்குக் கூட்டல், விற்றலுக்குக் கழித்தல். கையால் கழித்தல் குறி இடாமல், வகையைப் பார்த்துக் குறியிடும் ஒரு சூத்திர நெடுவரிசையை வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் மாதக் கடைசியில் அவசரமாக உள்ளிடும்போது முதலில் மறந்துபோவது அந்தக் குறிதான். வரிசைகள் தேதி ஒழுங்கில் இருக்கும்வரை இது சரியாக இயங்கும். தாளை எப்படி அடுக்கினாலும் இருப்பு மாறக் கூடாது என்றால், விரியும் வரம்பை விட்டுவிட்டு முழு நெடுவரிசையையும் எடுத்து, 'இந்த வரிசையின் தேதிக்கு மிகாத தேதி' என்ற நிபந்தனையைச் சேர்க்கலாம். ஒரே நாளில் இரண்டு வர்த்தகம் நடந்திருந்தால் இரண்டிலும் நாளிறுதி இருப்புதான் தெரியும் என்பது அதன் குறை. இரண்டு வகையிலும் வேகம் குறையும். பத்தாயிரம் வரிசைகள் இருந்தால் விரியும் வரம்பு மொத்தம் ஐந்து கோடிக் கட்டங்களைப் படிக்க வேண்டியிருக்கும். ஓரிரு நூறு வர்த்தகம் செய்பவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இருப்பு எந்த வரிசையிலாவது பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்தக் கட்டம் சிவப்பாகும்படி நிபந்தனை வடிவமைப்பை இட்டுவிடுங்கள். இல்லாத பங்கை டெலிவரியில் (பங்கு உண்மையில் கைமாறும் வர்த்தகத்தில்) விற்க முடியாது என்பதால், சிவப்பு தெரிந்தால் ஒன்று கொள்முதல் விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஒரு டீமேட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பங்கு மாற்றியது எழுதப்படவில்லை, அல்லது தேதி தலைகீழாகியிருக்கிறது. மூன்றாவது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும்: கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 05/08 என்பது மே 8 ஆகிவிடும், 25/08 என்பதைத் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக வைத்துவிடும். மாதத்தை எழுத்தில் காட்டும் தேதி வடிவத்தை அந்த நெடுவரிசைக்குக் கொடுத்துவிட்டால் தவறு கண்ணுக்குத் தெரியும்.

இப்போது லாபக் கணக்கு. வருமான வரிக்கு, டீமேட்டில் உள்ள பங்குகளில் முதலில் வந்தவையே முதலில் விற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். 'ஃபிஃபோ' என்பது இதுதான். ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனியாக இதைப் பார்க்க வேண்டும் என்பதால்தான் மேலே கணக்கையும் நிபந்தனையாகச் சேர்க்கச் சொன்னேன். நீங்கள் சராசரி விலையில் லாபம் போட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உதாரணத்தில் பாருங்கள். ஒரு பங்கை 2023 மே 10 அன்று ரூ.400 வீதம் 100 வாங்கினீர்கள். 2024 மார்ச் 15 அன்று ரூ.520 வீதம் 50 வாங்கினீர்கள். மொத்தம் 150 பங்குகள், ரூ.66,000, சராசரி ரூ.440. 2024 ஆகஸ்ட் 6 அன்று 120 பங்குகளை ரூ.600 வீதம் ரூ.72,000க்கு விற்றீர்கள் (கட்டணங்களை இங்கே விட்டுவிடுகிறேன்). சராசரி முறையில் அடக்கம் (விற்ற பங்குகளை வாங்க ஆன தொகை) ரூ.52,800, லாபம் ரூ.19,200. ஃபிஃபோ முறையில் முதல் 100க்கு ரூ.40,000, அடுத்த 20க்கு ரூ.10,400, ஆக அடக்கம் ரூ.50,400, லாபம் ரூ.21,600. அதிலும் ரூ.20,000 ஓராண்டுக்கு மேல் வைத்திருந்ததால் நீண்டகால லாபம், ரூ.1,600 குறுகியகால லாபம். சராசரி முறையில் இந்தப் பிரிவினையைக் காணவே முடியாது. 2024 ஜூலை 23 முதல் நடந்த விற்பனைகளுக்குக் குறுகியகால லாபத்தில் 20 சதவீதமும், நீண்டகால லாபத்தில் நிதியாண்டுக்கு ரூ.1.25 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதியில் 12.5 சதவீதமும் வரி என்பதால், லாபத்தைப் பிரிக்காமல் வரியைக் கணக்கிடவே வழியில்லை. அந்தத் தேதிக்கு முந்திய விற்பனைகளுக்கு விகிதங்கள் முறையே 15, 10. உங்கள் மூன்றாண்டுக் கணக்கு அந்தத் தேதியைத் தாண்டிச் செல்வதானால் விற்ற தேதியின்படியும் பிரித்து வைக்க வேண்டியிருக்கும்.

ஃபிஃபோவைப் பலர் கையால் செய்கிறார்கள்: விற்பனை வரிசையை உடைத்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு கொள்முதலுக்கு எதிரே எழுதுகிறார்கள். பத்து வர்த்தகம் வரை தாங்கும். தொடர் மொத்தம் கைவசம் இருக்கும்போது அந்தப் பாடு தேவையில்லை. ஒரு கொள்முதலுக்கு முன்பாக அதே பங்கில் வாங்கியிருந்த மொத்தத்தை 'முன்வரவு' என்று வைத்துக்கொள்வோம். இதுவரை விற்ற மொத்த எண்ணிக்கையிலிருந்து முன்வரவைக் கழித்தால் கிடைப்பது, விற்பனை இந்தக் கொள்முதலுக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்பதே. அது பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் பூஜ்யம். கொள்முதல் எண்ணிக்கையை மீறினால் கொள்முதல் எண்ணிக்கை. மேலே உள்ள உதாரணத்தில் முதல் கொள்முதலுக்கு முன்வரவு 0. 120 நுழைகிறது, ஆனால் 100தான் இருக்கிறது, எனவே 100 தீர்ந்தது. இரண்டாவதற்கு முன்வரவு 100. 120இல் 100 போக 20 தீர்ந்தது. மீதி 30, அடக்கம் ரூ.15,600.

இதையே ஒவ்வொரு விற்பனைக்கும் தனித்தனியாகக் காண, 'முதல் இத்தனை பங்குகளின் அடக்கம்' என்று ஒரு கணக்கை எண்ணிப்பாருங்கள். விற்பனைக்குப் பிந்திய மொத்த விற்பனை எண்ணிக்கைக்கு உரிய அடக்கத்திலிருந்து, விற்பனைக்கு முந்தியதற்கு உரிய அடக்கத்தைக் கழித்தால் அந்த விற்பனையின் அடக்கம் வந்துவிடும். 120 பங்குகளை ஒரே நாளில் விற்காமல் முதலில் 80, பிறகு 40 என்று விற்றிருந்தால், முதல் 80இன் அடக்கம் ரூ.32,000, முதல் 120இன் அடக்கம் ரூ.50,400, எனவே இரண்டாவது விற்பனையின் அடக்கம் ரூ.18,400. இருபதை 400க்கும் இருபதை 520க்கும் பெருக்கிக் கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்த வரிசையையும் உடைக்காமலே இது கிடைத்துவிடுகிறது.

இதைச் 'சம்ப்ராடக்ட்' சூத்திரத்தில் எழுதும்போது ஒரு குழி இருக்கிறது. நானும் அதில் விழுந்திருக்கிறேன். 'மேக்ஸ்', 'மின்' இரண்டும் ஒரு வரம்பு முழுவதற்கும் சேர்த்து ஒரே எண்ணைத்தான் திருப்பித் தரும். ஒவ்வொரு கொள்முதலுக்கும் தனி விடை தராது. ஆகவே சூத்திரத்துக்குள் அவற்றை இட்டால் பிழைக்குறி வராமலே தவறான எண் வரும். அவற்றுக்குப் பதில் 'இஃப்' கொண்டே இரு எல்லைகளையும் எழுத வேண்டும். பழைய எக்செலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தி உள்ளிட வேண்டும். நீண்டகாலப் பகுதியை மட்டும் பிரித்தெடுக்க, அதே சூத்திரத்தில் 'கொள்முதல் தேதி, விற்ற தேதிக்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முந்தியது' என்ற நிபந்தனையைச் சேர்த்தால் போதும். பன்னிரண்டு மாதங்களைப் பின்னோக்கி எண்ண 'ஈடேட்' இருக்கிறது.

ஒரே பங்கை ஒரே நாளில் வாங்கி விற்றால் அது இன்ட்ராடே. முன்பே டீமேட்டில் அதே பங்கு இருந்தாலும் சரி. அந்த வருமானம் மூலதன லாபம் ஆகாது, யூக வணிக வருமானம். எனவே அந்த வர்த்தகங்கள் இந்தத் தாளுக்குள் வரவே கூடாது. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகத்துக்கும் தனித் தாள் வேண்டும்.

கட்டணங்களுக்கு வருவோம். டெலிவரி வர்த்தகத்தில் எஸ்டிடி வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம், வாங்கும்போது முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம். இவை தவிர புரோக்கர் கட்டணம், பங்குச்சந்தைக் கட்டணம், செபி கட்டணம், இவற்றின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மூலதன லாபக் கணக்கில் எஸ்டிடியை மட்டும் செலவாகக் கழிக்க அனுமதி இல்லை. அதனால்தான் அதற்குத் தனி நெடுவரிசை கேட்டேன். வரிக்கான அடக்கத்தில் எஸ்டிடி சேராது. உங்கள் பையிலிருந்து உண்மையில் போன பணத்தில் சேரும். புரோக்கர் செயலியின் லாபத் தொகை உங்களுடையதோடு சில ரூபாய்கள் வேறுபட்டால், பெரும்பாலும் அந்தச் செயலி எந்தக் கட்டணத்தைச் சேர்த்தது, எதை விட்டது என்பதில்தான் விடை இருக்கும். ஒரு கான்ட்ராக்ட் நோட்டில் பல பங்குகள் இருந்து கட்டணம் மொத்தமாகப் போடப்பட்டிருந்தால், வர்த்தக மதிப்பின் விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம்.

கணக்கை உண்மையில் குலைப்பவை நிறுவனங்களின் செயல்கள்தான். முகமதிப்புப் பிரிப்பையும் போனஸையும் பலர் ஒன்றாகப் பாவிக்கிறார்கள்; இரண்டிலும் எண்ணிக்கை கூடி விலை குறைவதால் அப்படித் தோன்றும், வரிக்கணக்கிலோ இரண்டும் வேறு. எச்டிஎஃப்சி பேங்க் 2019 செப்டம்பரில் இரண்டு ரூபாய் முகமதிப்பை ஒரு ரூபாயாகப் பிரித்தது. இதில் பழைய பங்கே இரண்டாகிறது, வாங்கிய தேதி மாறாது, அடக்கம் இரண்டுக்கும் பகிர்கிறது. இதற்காகப் பழைய வரிசைகளைத் திருத்தாதீர்கள். 'பெருக்கி' என்று ஒரு நெடுவரிசை வைத்து, பிரிப்புக்கு முந்திய வரிசைகளில் 2 என்றும் மற்றவற்றில் 1 என்றும் இட்டு, எண்ணிக்கையை அதனால் பெருக்கியும் விலையை வகுத்தும் சூத்திரங்களுக்குக் கொடுங்கள். ரிலையன்ஸ் 2024 அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. இங்கே புதிய பங்கு தனிக் கொள்முதல் போன்றது, விலை பூஜ்யம், தேதி ஒதுக்கிய தேதி. பழைய பங்கின் அடக்கம் அப்படியே நிற்கும். சந்தை விலை பாதியாகிவிடுவதால், போனஸுக்குப் பிறகு முதலில் விற்கும் பழைய பங்குகளில் லாபம் சுருங்கி, சில நேரம் நட்டமாகக்கூடத் தெரியும். பிறகு விற்கும் போனஸ் பங்குகளில் விற்ற தொகை முழுவதும் லாபம். புரோக்கர் அறிக்கையோடு உங்கள் எண் பெரிதாக வேறுபடும் பங்குகளில் போனஸ் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிரிந்துபோன நிறுவனங்களுக்கு அடக்கத்தைப் பங்கிட வேண்டும். 2023 ஜூலையில் ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது ரிலையன்ஸ் அறிவித்த விகிதம் 95.32க்கு 4.68. ரூ.2,000க்கு வாங்கிய ரிலையன்ஸின் அடக்கம் ரூ.1,906.40 ஆகிறது, ஜியோ பங்குக்கு ரூ.93.60. வாங்கிய தேதி இரண்டுக்கும் பழையதுதான். 2018 ஜனவரி 31 வரை வாங்கிய பங்குகள் ஏதும் இருந்தால் அவற்றுக்கு அந்த நாளின் உச்ச விலையை எழுத ஒரு நெடுவரிசை கூடுதலாக வேண்டும். விற்ற விலை, அந்த உச்ச விலை இரண்டில் சிறியதை எடுத்து, அதையும் வாங்கிய விலையையும் ஒப்பிட்டுப் பெரியதை அடக்கமாகக் கொள்ளலாம்.

டிவிடெண்டைத் தனித் தாளில், பிடித்த வரிக்கு முந்திய தொகையாகவும் பிடித்த வரியாகவும் இரண்டு நெடுவரிசைகளில் எழுதுங்கள். 2020 ஏப்ரல் முதல் அது உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படுகிறது. ஆண்டு வருவாய் விகிதத்துக்கு 'எக்ஸ்ஐஆர்ஆர்' சிறந்த கருவி. போட்ட பணம் கழித்தல் குறியோடும், வந்த பணமும் இன்றைய சந்தை மதிப்பும் கூட்டல் குறியோடும் இருக்க வேண்டும். ஓராண்டுக்குக் குறைந்த காலத்துக்கு அதை நம்பாதீர்கள்: ரூ.10,000 முப்பது நாளில் ரூ.10,500 ஆனால் அது ஏறக்குறைய 81 சதவீதம் என்று காட்டும். மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகள் மூன்று தசம இடங்களில் வருவதால், முழுவதும் விற்ற பிறகும் இருப்பு மிகச் சிறிய பின்னமாகத் தொங்கும். இருப்பை 'ரவுண்ட்' கொண்டு மூன்று இடங்களுக்கு முடித்துவிடுங்கள்.

சூத்திரக் கட்டங்களில் கையால் எண்ணை ஒட்டும் பழக்கத்தை மட்டும் அனுமதிக்காதீர்கள். 2012இல் ஜேபி மார்கன் வங்கியின் லண்டன் பிரிவு 600 கோடி டாலருக்கு மேல் இழந்த விவகாரத்தில், இடர் அளவீட்டு மாதிரியை எக்செல் தாள்களுக்கிடையே கையால் நகலெடுத்து ஒட்டி இயக்கினார்கள் என்றும், ஓர் இடத்தில் சராசரியால் வகுக்க வேண்டியதைக் கூட்டுத்தொகையால் வகுத்ததால் ஏற்ற இறக்கம் குறைத்துக் காட்டப்பட்டது என்றும் அந்த வங்கியின் விசாரணை அறிக்கையே சொல்கிறது. இழப்புக்கு அது மட்டும் காரணமில்லை. ஆனால் தவறான சூத்திரமும் சரியானதைப் போலவே ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கும் என்பதை அதில் பார்க்கலாம்.

அதனால் ஷீட்டுக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கறிக்கையில் மாத இறுதி இருப்பு இருக்கும். உங்கள் இருப்பை அதோடு பங்குவாரியாக ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கென ஒரு நெடுவரிசை வைத்து, அது முழுவதும் பூஜ்யமாகும்வரை அடுத்த மாதத்து வர்த்தகத்தை உள்ளிடாதீர்கள். வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் விற்பனைத் தொகையை ஒப்பிடலாம். அடக்க விலைக்கு அதை நம்ப வேண்டாம், உங்கள் கான்ட்ராக்ட் நோட்டையே நம்புங்கள். அடக்கத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. முழுவதும் விற்றுத் தீர்ந்த எந்தப் பங்கிலும், எல்லா விற்பனைகளின் அடக்கங்களையும் கூட்டினால் எல்லாக் கொள்முதல்களின் தொகை சரியாக வர வேண்டும். உதாரணத்தில் மீதி 30ஐயும் விற்றால் 50,400உம் 15,600உம் சேர்ந்து 66,000 ஆவது போல.

பழைய ஷீட்டை அப்படியே வைத்துவிட்டுப் புதிய தாளில் தொடங்குங்கள். முதலில் போனஸும் பிரிப்பும் வராத, முழுவதும் விற்றுவிட்ட ஒரு பங்கை மட்டும் உள்ளிட்டு மேற்சொன்ன சோதனை பொருந்துகிறதா என்று பாருங்கள். அடுத்து போனஸ் வந்த ஒன்றை எடுங்கள். இந்த இரண்டும் சரியாக வந்துவிட்டால் மற்றவற்றை ஒரே மூச்சில் ஏற்றிவிடலாம். சிவப்பு தெரியும் வரிசைகள் எந்தக் கான்ட்ராக்ட் நோட்டைத் தேட வேண்டும் என்பதைக் காட்டிவிடும்.